கிறிஸ்துமஸ் முந்திரி பட்டர் குக்கீஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் பிறந்தால் அச்சு முறுக்கு, கல்கல், பிளம் கேக் என்று ஓடும் வரிசையில் இப்போது பல வீடுகளில் குக்கீஸும் சேர்ந்துவிட்டது. அவற்றில் கைக்கு அடக்கமான வேலை இந்த முந்திரி பட்டர் குக்கி. முட்டை கிடையாது, அதனால் பக்கத்து வீட்டு சைவக்காரர்களுக்கும் தயங்காமல் தட்டில் வைத்துக் கொடுக்கலாம். வாயில் போட்டதும் பொலபொலவென்று உதிர்ந்து கரைய வேண்டும், முந்திரி வாசம் பின்னால் வர வேண்டும். அவ்வளவுதான் இதன் இலக்கணம்.

செய்முறை என்னவோ நான்கு வரிதான். சந்தேகங்கள்தான் ஏராளம், அவற்றில் முக்கால்வாசி வெண்ணெயிடம்தான் போய் நிற்கின்றன. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்பை வாசித்துவிட்டு சென்னையிலோ மதுரையிலோ அப்படியே செய்தால் மாவு கையில் ஒட்டி, தட்டில் ஓடி, மானத்தை வாங்கிவிடும். ஆகவே வெண்ணெய் பற்றிய பதில்களை மட்டும் நிதானமாகப் படியுங்கள். மற்றதை அவசரத்துக்குத் தகுந்தபடி பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் அளவைச் சொல்லிவிடுங்கள்.

உப்பில்லாத வெண்ணெய் 200 கிராம், பொடித்த சர்க்கரை 70 கிராம், மைதா 250 கிராம், கார்ன்ஃப்ளார் 20 கிராம், முந்திரி 100 கிராம், வெனிலா எசென்ஸ் 1 டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன். சுட்டபின் மேலே புரட்ட இன்னொரு 80 கிராம் பொடித்த சர்க்கரை.

முந்திரியை வறுத்து, ஆறவிட்டு, ரவை பதத்துக்குப் பொடிக்கவும். வெண்ணெயையும் 70 கிராம் சர்க்கரையையும் ஒன்றிரண்டு நிமிடம் குழைத்து, எசென்ஸும் உப்பும் சேர்க்கவும். சலித்த மைதா, கார்ன்ஃப்ளார், முந்திரிப் பொடி மூன்றையும் கொட்டி, மாவு ஒன்றுசேரும் வரை மட்டும் பிசையவும். 16 கிராம் அளவில் உருட்டினால் 40 உருண்டை வரும். ஃபிரிட்ஜில் அரைமணி நேரம் வைத்து, 160 டிகிரியில் 16 முதல் 18 நிமிடம் சுடவும். கை பொறுக்கும் சூட்டில் ஒருமுறை, ஆறியபின் ஒருமுறை சர்க்கரையில் புரட்டவும்.

தராசு இல்லாதவர்களுக்கு: 240 மில்லி கப்பில் மைதாவைக் கரண்டியால் அள்ளிப் போட்டுத் தலைதட்டினால் ஒரு கப் 125 கிராம், அதாவது 250 கிராமுக்கு 2 கப். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம்கூடப் போய்விடும், குக்கி வறவறவென்று ஆகிவிடும். 500 ரூபாய்க்குள் சமையலறை டிஜிட்டல் தராசு கிடைக்கிறது. ஒரு கிலோ முந்திரி விலையை நினைத்துப் பார்த்தால் அது செலவே இல்லை.

இது நான்கட்டாய்தானே? புதுப் பெயர் வைத்து ஏன் குழப்புகிறீர்கள்?

சொந்தம்தான், ஆனால் ஒன்றல்ல. நான்கட்டாய் நெய்யில் செய்வது, பெரும்பாலும் கடலை மாவோ ரவையோ சேரும், சோடாவோ பேக்கிங் பவுடரோ போடுவதால் மேலே வெடித்து நிற்கும். இந்தக் குக்கியில் வெண்ணெய், பருப்பு, மாவு, சர்க்கரை மட்டும்தான். உப்ப வைக்கும் பொருள் எதுவும் இல்லை.

இதே கூட்டை உலகத்தில் பல ஊர்க்காரர்கள் கிறிஸ்துமஸுக்குச் செய்கிறார்கள். ஆஸ்திரியாவில் பாதாமோ வால்நட்டோ அரைத்துப் போட்டுப் பிறை வடிவில் வளைத்துச் சுட்டு, வெனிலா சர்க்கரையில் புரட்டினால் வெனில்லெகிப்ஃபெர்ல். கிரேக்கத்தில் வறுத்த பாதாம் போட்ட குராபியேதெஸ், சர்க்கரைப் பொடியில் ஏறக்குறைய புதைத்தே வைத்திருப்பார்கள். ஸ்பெயினில் பொல்வொரோன். அங்கே மாவையும் வறுத்துக்கொள்வார்கள், வெண்ணெய்க்குப் பதில் பன்றிக்கொழுப்பு போடுவதுதான் பழைய வழக்கம். தெற்கே எஸ்தெப்பா என்ற சிற்றூர் இதற்கென்றே பெயர் பெற்றது. அமெரிக்காவில் பீக்கன் பருப்பு போட்டு உருட்டி ஸ்னோபால் என்கிறார்கள். ரஷ்யன் டீ கேக், மெக்ஸிகன் வெட்டிங் குக்கி என்ற பெயர்களும் அங்கே அதற்கு உண்டு.

நமக்கு முந்திரி கைக்கெட்டும் பொருள். பண்ருட்டி பக்கத்தில் இருக்கும்போது பீக்கனைத் தேடி ஏன் அலைய வேண்டும்?

எந்த வெண்ணெய் வாங்குவது? கடையில் மஞ்சள், வெள்ளை என்று இரண்டு இருக்கிறதே.

நிறத்தைப் பார்க்காதீர்கள், உறையில் இரண்டு விஷயத்தைப் பாருங்கள்: உப்பு உண்டா, கொழுப்பு எவ்வளவு.

பிரெட்டில் தடவும் டேபிள் பட்டரில் உப்பு இருக்கும். அமுல் என்று பொதுவாகக் கேட்டால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது அதைத்தான். உப்பில்லாதது வேண்டும் என்று தனியாகச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆவினில் குக்கிங் பட்டர் என்று கேளுங்கள். உப்பு வெண்ணெய்தான் வீட்டில் இருக்கிறதென்றால் தாராளமாகப் போடலாம், ஆனால் அளவில் சொன்ன கால் டீஸ்பூன் உப்பை விட்டுவிடுங்கள். அப்போதும் லேசாக உப்புக் கரிக்கும். எனக்கு அது பிடிக்கும், மாமியார்களுக்குப் பிடிக்குமா என்று சொல்ல முடியாது.

கொழுப்புக்கு வருவோம். நம் நாட்டு உணவுச் சட்டப்படி டேபிள் பட்டரில் குறைந்தது 80 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். சமையலுக்கு விற்கும் வெள்ளை வெண்ணெய்க்கு 76 சதவீதம் போதும். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் கூடக்கூட மைதாவில் பசை ஏறும், குக்கி கரைவதற்குப் பதில் கடிபடும். 80 சதவீதமும் அதற்கு மேலும் கிடைத்தால் அதையே எடுங்கள்.

நிறம் பெரிய விஷயமில்லை. எருமைப் பால் வெண்ணெய் இயல்பிலேயே வெள்ளை, பசுவினுடையது இளமஞ்சள். டேபிள் பட்டர் சிலவற்றில் அன்னாட்டோ என்ற விதைச் சாயமும் சேர்ப்பார்கள்.

வீட்டில் கடைந்த வெண்ணெய்? ஊத்துக்குளி வெண்ணெய்?

ருசியில் இவற்றை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. சிக்கல் உள்ளே ஒளிந்திருக்கும் மோரில்தான். தயிர் கடைந்து எடுத்த வெண்ணெயில் மோர் அங்கங்கே தங்கிவிடும், அதனால் புளிப்பும் ஈரமும் இருக்கும். ஐஸ் தண்ணீரில் போட்டுக் கையால் பிசைந்து, தண்ணீர் வெள்ளையாக மாறினால் கொட்டிவிட்டு, மறுபடி புதுத் தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். தண்ணீர் தெளிவாக நிற்கும் வரை இதைச் செய்து, பிறகு சுத்தமான துணியில் வைத்து ஈரத்தை ஒற்றி எடுத்து ஃபிரிட்ஜில் வைக்கவும். அதன்பின் எடை போடுங்கள்.

திருப்பூர் பக்கத்து ஊத்துக்குளி வெண்ணெய்க்கும் இதே வைத்தியம். புதிதாக வாங்கினால் மட்டும் குக்கிக்கு. இரண்டு மூன்று நாள் ஆகிவிட்டால் உருக்கி நெய்யாக்கி விடுங்கள், அதுதான் அதற்கு மரியாதை.

நெய் போடலாமா? மார்ஜரின்?

நெய்யில் ஏறக்குறைய முழுக்கக் கொழுப்புதான், தண்ணீர் இல்லை. அதனால் 200 கிராம் வெண்ணெய்க்கு 165 கிராம் நெய் போதும். உருகிய நெய் வேண்டாம், மணல் மணலாக உறைந்த நெய்யாக இருக்கட்டும். வரும் குக்கி நான்கட்டாய்ப் பக்கம் சாய்ந்திருக்கும், வாசமும் நெய் வாசம்தான். அது வேண்டுமென்றே செய்தால் நல்ல பண்டம்.

மார்ஜரினும் வனஸ்பதியும் நம் ஊர் வெயிலுக்கு வளைந்து கொடுக்கும், உருட்டச் சுலபம், விலையும் குறைவு. ஆனால் வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். நம் வாய்க்குள் 37 டிகிரிக்கு ஒட்டிய சூடு. நாக்கில் வைத்ததும் கரைகிற ரகசியம் இந்த இரண்டு மூன்று டிகிரிதான். வனஸ்பதி பெரும்பாலும் அதற்கு மேல்தான் முழுதாக உருகும். அதனால்தான் மேலண்ணத்தில் மெழுகு பூசியதுபோல் ஒரு படலம் நிற்கிறது. நட் குக்கியில் அதைச் செய்வது நல்ல முந்திரிக்குச் செய்யும் அநியாயம்.

"வெண்ணெய் ரூம் டெம்பரேச்சரில் இருக்க வேண்டும்" என்று எல்லாக் குறிப்பிலும் இருக்கிறது. வெளியே வைத்தால் எண்ணெயாகிவிடுகிறதே?

எந்த ரூம் என்பதுதான் கேள்வி. அந்தக் குறிப்பை எழுதியவரின் வீட்டில் 20 டிகிரி. டிசம்பரில்கூடச் சென்னை மதியம் 28, 29 டிகிரி இருக்கும், அடுப்பெரியும் சமையலறையில் இன்னும் கூடுதல். இதில் "ஒரு மணி நேரம் வெளியே வைக்கவும்" என்பதை நம்பினால் வெண்ணெய் பளபளவென்று வியர்த்து நிற்கும்.

வேண்டியது 18 முதல் 20 டிகிரி. தெர்மாமீட்டர் தேவையில்லை. கட்டைவிரலால் அழுத்துங்கள். குழி விழ வேண்டும், விரல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகக் கூடாது. குழியின் ஓரம் மங்கலாக இருக்க வேண்டும், பளபளத்தால் நேரம் தாண்டிவிட்டது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் சிறு சிறு துண்டாக நறுக்கித் தட்டில் பரப்பிவிட்டால் நம் ஊரில் பத்து நிமிடம் போதும். விடிகாலையில் செய்கிறவர்களுக்கு இன்னும் ஐந்து நிமிடம். ஊட்டி, கொடைக்கானல் வாசகர்களுக்கு நேர் எதிரான தொல்லை, அங்கே டிசம்பரில் வெண்ணெய் கல்லாகவே கிடக்கும். வெந்நீரில் கவிழ்த்து எடுத்துத் துடைத்த பாத்திரத்தை அதன்மேல் மூடி வையுங்கள்.

உருகிய வெண்ணெயை மறுபடி ஃபிரிட்ஜில் வைத்து இறுக்கினால் சரியாகிவிடாதா என்று கேட்பார்கள். பார்ப்பதற்குச் சரியாகும். ஆனால் உருகும்போது கொழுப்பும் தண்ணீரும் பிரிந்துவிட்டன. பிரிந்தது திரும்ப அதே மாதிரி கலக்காது, சுடும்போது எண்ணெய் கசிந்து அடியில் தேங்கும். அந்த வெண்ணெயைத் தோசைக்கு வைத்துக்கொண்டு, குக்கிக்கு வேறு எடுங்கள்.

உங்கள் உள்ளங்கையும் ஒரு அடுப்புதான் என்பதை மறக்காதீர்கள். நான்கைந்து உருண்டை பிடித்ததும் கையைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, ஈரம் போகத் துடைத்துக்கொண்டு அடுத்ததைப் பிடிக்கவும். மாவைப் பாதியாகப் பிரித்து, ஒன்றை உருட்டும்போது மற்றதை ஃபிரிட்ஜில் விடலாம். மின்விசிறி ஓடட்டும்.

மாவைக் குளிர வைத்து உருட்டுவதா, உருட்டிக் குளிர வைப்பதா?

உருட்டிவிட்டுத்தான். குளிர்ந்து இறுகிய மாவு உருட்டும்போது விரியும், விரிசலோடு சுட்டால் அதே இடத்தில் பிளக்கும். தட்டில் அடுக்கியபின் தட்டோடு ஃபிரிட்ஜில் அரைமணி நேரம். ஃபிரீசரில் என்றால் 10 நிமிடம்.

முழு முந்திரிதான் வேண்டுமா? விலை கட்டுப்படியாகவில்லை.

வேண்டவே வேண்டாம். எப்படியும் பொடிக்கத்தான் போகிறோம்.

முந்திரி மொத்தக் கடையில் 180, 210, 240, 320 என்று எண் சொல்லி விற்பார்கள். ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, அதிகபட்சம் எத்தனை பருப்பு நிற்கும் என்பதன் கணக்கு அது. எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் பெரிது. பருமனுக்குத்தான் அந்தக் காசு, ருசிக்கு அல்ல. பாதியாகப் பிளந்தது, துண்டு, குருணை என்று கீழே வரும்போது விலை நன்றாக இறங்கும். குக்கிக்குத் துண்டு முந்திரி வாங்குங்கள். பாயசத்தில் மிதக்க விடத்தான் முழுசு.

பண்ருட்டி, கன்னியாகுமரி மாவட்டம் பக்கம் யாராவது போனால் சொல்லி வாங்கி வரச் செய்யலாம். எங்கே வாங்கினாலும் ஒன்றை வாயில் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். பழைய முந்திரியில் சிக்கு வாடை அடிக்கும். வறுத்தாலும் போகாது, சர்க்கரை போட்டாலும் மறையாது. குருணையில் இந்த வம்பு அதிகம், காற்று படும் பரப்பு கூடுதல் என்பதால் சீக்கிரம் சிக்கு ஏறும்.

வறுத்தே ஆக வேண்டுமா?

ஆம். இந்தக் குக்கி குறைந்த சூட்டில், வெளிர் நிறத்திலேயே வெந்துவிடும், உள்ளே இருக்கும் முந்திரி வறுபடும் அளவுக்குச் சூடு ஏறாது. பச்சை முந்திரி போட்டால் பால்பவுடர் போட்டது மாதிரி மந்தமாக இருக்கும்.

அடிகனமான வாணலியில் சிறு தீயில், நெய் விடாமல், கைவிடாமல் கிளறுங்கள். முதலில் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். வாசம் கிளம்பி, அங்கங்கே பொன்னிறப் புள்ளி தெரிந்ததும் அணைத்து, உடனே வேறு தட்டில் கொட்டிவிட வேண்டும். வாணலியிலேயே விட்டால் அதன் சூட்டிலேயே கருகும். ஓவனில் 160 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம், நடுவில் ஒருமுறை கிளறிவிட்டு.

மிக்ஸியில் அடித்தால் பசையாகிவிடுகிறது.

சூட்டோடு அடித்திருப்பீர்கள். முந்திரியில் ஏறக்குறைய 44 சதவீதம் கொழுப்பு, சூட்டில் அது வெளியே வந்து எல்லாவற்றையும் ஒட்டவைத்துவிடும். நன்றாக ஆறட்டும். ஈரமில்லாத ஜாரில் போட்டு, அளந்த மைதாவிலிருந்தே 2 ஸ்பூன் சேர்த்து, விட்டு விட்டு ஒரு நொடி, ஒரு நொடியாகச் சுற்றுங்கள். இடையில் ஜாரைத் தட்டிக் கீழே இருப்பதை மேலே கொண்டுவாருங்கள். ரவை பதம் வந்ததும் நிறுத்திவிடலாம். நடுநடுவே மிளகு அளவில் துண்டுகள் கிடந்தால் நல்லதுதான், பல்லில் படும்போது ருசி.

பாதாம், வால்நட், பிஸ்தா, வேர்க்கடலை போடலாமா?

எல்லாம் 100 கிராம் அளவிலேயே போடலாம், குணம் மட்டும் மாறும்.

பாதாமைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டுத் தோலைப் பிதுக்கி எடுத்து, ஈரம் போக நன்றாகக் காயவைத்து வறுக்கவும். தோலோடும் போடலாம், குக்கியில் பழுப்புப் புள்ளி தெரியும், அதுவும் அழகுதான். வால்நட்டில் கொழுப்பு 65 சதவீதம் வரை உண்டு. அதனால் மாவு இளகலாக இருக்கும், 10 கிராம் மைதா கூட்டிக்கொள்ளுங்கள். தோல் கசக்கும், எனவே வறுத்த சூட்டோடு துணியில் வைத்துத் தேய்த்தால் பாதித் தோல் உதிரும், அது போதும். வால்நட் மாதிரி சீக்கிரம் சிக்கு ஏறும் பருப்பு வேறில்லை, வாங்கியதை ஃபிரிட்ஜில் வையுங்கள். பிஸ்தா பச்சை நிறத்துக்காகப் போடுகிறோம், ஆகையால் லேசாகச் சூடு காட்டினால் போதும், நன்றாக வறுத்தால் நிறம் போய்விடும். உப்புப் பிஸ்தாவாக இருந்துவிடப் போகிறது, பார்த்து வாங்கவும்.

வேர்க்கடலையை யாரும் மதிப்பதில்லை. தோல் நீக்கி, நல்ல பொன்னிறமாக வறுத்துப் போட்டால் இந்தப் பட்டியலில் முந்திரிக்கு அடுத்த இடம் அதற்குத்தான் கொடுப்பேன். மலேசியா, சிங்கப்பூர் தமிழர் வீடுகளில் தீபாவளிக்கு முறுக்கோடு கடலை பிஸ்கட், பாதாம் பிஸ்கட், நெய் விட்ட சுஜி பிஸ்கட் எல்லாம் டப்பா டப்பாவாக அடுக்கியிருக்கும். அங்கே கடலை பிஸ்கட்டில் வெண்ணெய்க்குப் பதிலாகக் கடலை எண்ணெய் ஊற்றிப் பிசைவதும் உண்டு. வெயிலைப் பற்றிய கவலையே வேண்டாத வழி அது.

கடையில் ஐசிங் சுகர் வாங்க வேண்டுமா, வீட்டிலேயே பொடிக்கலாமா?

வீட்டில் பொடித்ததே போதும். 100 கிராம் சர்க்கரைக்கு 1 டீஸ்பூன் கார்ன்ஃப்ளார் சேர்த்து நைசாகப் பொடித்துச் சலிக்கவும். சலிக்காமல் விட்டால் மணிச் சர்க்கரை சுடும்போது உருகி, குக்கியில் பொத்தலும் பரவலும் வரும்.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி?

இரண்டிலும் ஈரம் உண்டு, குக்கி சற்று இளகிப் பரவும், நிறம் கூடும். கருப்பட்டியைத் துருவி, வாணலியில் லேசாகச் சூடு காட்டி உலர்த்திச் சலித்துப் போட்டால் முந்திரியோடு நன்றாகவே சேர்கிறது. அப்போது வெனிலாவை விட்டுவிட்டுச் சுக்குப் பொடி ஒரு சிட்டிகை. ஆனால் இதனால் சர்க்கரை நோயாளிகள் சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான், கூடவே 200 கிராம் வெண்ணெயும் இருக்கிறது.

மைதாவே வேண்டாம் என்கிறார்கள் வீட்டில்.

பாதி கோதுமை மாவு போட்டுப் பாருங்கள், தவிட்டைச் சலித்துவிட்டு. முழுக்கக் கோதுமை என்றால் மொரமொரப்பு வரும், கரையும் தன்மை போய்விடும். 50 கிராம் மைதாவை எடுத்துவிட்டுப் பொட்டுக்கடலை மாவு சேர்ப்பது என் சிபாரிசு. பொட்டுக்கடலையில் இழுவைப் பசை கிடையாது, குக்கி இன்னும் பொலபொலப்பாகும்.

உருட்டும்போது உதிர்கிறது. பால் தெளிக்கலாமா?

வேண்டாம். பால் விட்டால் உருட்ட வரும், சுட்டபின் பிஸ்கட்டாகிவிடும். உள்ளங்கையில் வைத்து ஒருமுறை அழுத்திப் பிடித்து, அதன்பின் உருட்டுங்கள். கைச்சூட்டில் வெண்ணெய் இளகி ஒன்றுசேரும். அப்போதும் உதிர்ந்தால் மைதா அளவு கூடிவிட்டது, இளகிய வெண்ணெய் 1 டீஸ்பூன் சேர்க்கவும்.

ஓடிஜியில் (மேசைமேல் வைக்கும் சிறிய மின்சார ஓவன்) எந்த செட்டிங்?

மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும், நடுத் தட்டு, 160 டிகிரி. குறைந்தது 15 நிமிடம் முன்சூடு. விளக்கு அணைந்துவிட்டதே என்று ஐந்தாவது நிமிடத்தில் உள்ளே தள்ளாதீர்கள். காற்றுதான் சூடாகியிருக்கும், சுவர்கள் ஏறியிருக்காது. சிறிய ஓடிஜியில் உள்பக்கம் சீக்கிரம் சிவக்கும், 10 நிமிடம் ஆனதும் தட்டைத் திருப்பி வைக்கவும். கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் என்றால் கன்வெக்‌ஷனில் மட்டும், 150 டிகிரி.

வெந்ததா என்பதை மேல்பக்கம் சொல்லாது. மேலே வெளிறியே இருக்கும், இருக்கவும் வேண்டும். ஒன்றை மெல்லத் தூக்கி அடியைப் பாருங்கள், இளம் பொன்னிறம் வந்திருந்தால் வெளியே எடுக்கலாம். தொட்டால் மெத்தென்று இருக்கும், பயந்து இன்னும் ஐந்து நிமிடம் விட்டுவிடாதீர்கள். ஆற ஆறத்தான் இறுகும். சூடாக இருக்கும்போது தூக்கினால் உடையும், தட்டிலேயே ஐந்து நிமிடம் விடுங்கள்.

ஓவன் இல்லை. குக்கரில் வருமா?

வரும். மேலே சிவக்கத் தேவையில்லாத குக்கி என்பதால் வாணலிக்கும் குக்கருக்கும் பொருத்தமானதே இதுதான். பழைய, அடிகனமான அலுமினியக் குக்கராக எடுங்கள். நான்ஸ்டிக் வேண்டவே வேண்டாம், காலிப் பாத்திரமாகச் சூடேறினால் பூச்சு கெடும். கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிடவும். அடியில் 2 கப் கல் உப்பைப் பரப்பி, மேலே ஸ்டாண்ட் வைத்து, மூடி நடுத்தரத் தீயில் 10 நிமிடம். குக்கி அடுக்கிய தட்டை இறக்கிச் சிறு தீயில் 20 முதல் 25 நிமிடம். தட்டு கொள்ளும் அளவுக்கு ஏழெட்டுதான் வைக்க முடியும், மீதி மாவு ஃபிரிட்ஜில் காத்திருக்கட்டும். அந்த உப்பை ஆறவைத்து டப்பாவில் போட்டு அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம், சமையலுக்குத் திரும்பப் போடாதீர்கள்.

உருண்டையாக வைத்தேன், தட்டையாக ஓடிவிட்டது.

பெரும்பாலும் வெண்ணெய் இளகிவிட்டிருக்கும், அல்லது குளிரவைக்காமல் சுட்டிருப்பீர்கள். இரண்டாவது ஈடு மட்டும் ஓடியது என்றால் முதல் ஈடு சுட்ட சூடான தட்டிலேயே மறுபடி அடுக்கியிருக்கிறீர்கள், தட்டு ஆறட்டும். பீட்டரில் ஐந்து பத்து நிமிடம் வெண்ணெயை அடிப்பதும் காரணம். கேக்குக்குத்தான் அத்தனை காற்று வேண்டும். மாவு மிச்சமிருந்தால் ஒன்றை மட்டும் சோதனையாகச் சுடுங்கள், அதுவும் ஓடினால் 2 ஸ்பூன் மைதா கலந்துகொள்ளலாம்.

கடினமாகிவிட்டது?

அதிகம் பிசைந்தது, அல்லது அதிகம் சுட்டது. சப்பாத்தி மாவைப் பிசையும் வேகத்தை இங்கே காட்டக் கூடாது. ஆன குக்கியை உடைத்து பாயசத்தின் மேலோ ஐஸ்கிரீமின் மேலோ தூவுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

மேலே புரட்டிய சர்க்கரை மறுநாள் அழுது வடிகிறது.

வடகிழக்குப் பருவமழை முடிந்தும் முடியாத டிசம்பரில், கடற்கரை ஊர்களில் இது நடந்தே தீரும். பொடித்த சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். சூடாக இருக்கும்போது புரட்டுவது ஒட்டிக்கொள்ளும் அடிப்பூச்சு, அது ஈரமானாலும் தெரியாது. கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் பூச்சை விருந்தாளி வரும் நாளில், கொடுக்கும் நாளில் மட்டும் போடுங்கள். பொடியில் ஒரு ஸ்பூன் பால்பவுடர் கலந்தால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். வெறும் குக்கியாகவே வைத்தாலும் குற்றமில்லை, ஆனால் மாவில் சர்க்கரை குறைவு என்பதால் அப்போது 20 கிராம் கூட்டிப் பிசையுங்கள்.

எத்தனை நாள் இருக்கும்? எப்போது தொடங்குவது?

முழுக்க ஆறியபின், காற்றுப் புகாத டப்பாவில், இரண்டு வாரம். முறுக்கு டப்பாவில் சேர்த்து வைக்காதீர்கள். எண்ணெய் வாசத்தையும் பெருங்காய வாசத்தையும் வெண்ணெய் அப்படியே இழுத்துக்கொள்ளும். நமத்துவிட்டால் 140 டிகிரியில் ஐந்து நிமிடம் காட்டி ஆறவைக்கலாம், மேல்பூச்சு போடாததாக இருந்தால்.

நேரம் இல்லாதவர்கள் டிசம்பர் முதல் வாரத்திலேயே உருட்டி, தட்டில் தனித்தனியாக ஃபிரீசரில் உறையவைத்து, பின்பு கவரில் போட்டுவிடலாம். இரண்டு மாதம் தாங்கும். வெளியே எடுத்து இளகவிட வேண்டாம், உறைந்தபடியே ஓவனில் வைத்து இரண்டு நிமிடம் கூடுதலாகச் சுட்டால் போதும். 23ஆம் தேதி கேக், முறுக்கு என்று அடுப்பு முழுக்க வேலை இருக்கும்போது இதன் அருமை தெரியும்.

கூரியரில் அனுப்பலாமா?

உருண்டை வடிவம் தாங்கும், பிறை வடிவம் தாங்காது. டப்பாவில் இடைவெளியே இல்லாமல் அடுக்கி, அடுக்குக்கு நடுவே பட்டர் பேப்பர் போட்டு, மேலே மிச்சமிருக்கும் இடத்தைக் கசக்கிய காகிதத்தால் நிரப்பிவிடவும். குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. வெள்ளைப் பூச்சு வேண்டாம், பொடியைத் தனிப் பொட்டலமாகக் கட்டி உள்ளே வைத்துவிடுங்கள்.

நட் அலர்ஜி உள்ளவர்களுக்குக் கொடுக்கும்போது?

தட்டை நீட்டும்போதே "முந்திரி போட்டது" என்று சொல்லிவிடுங்கள், பொடியாகப் போட்டிருப்பதால் பார்த்தால் தெரியாது. முந்திரியும் பிஸ்தாவும் ஒரே தாவரக் குடும்பம், ஒன்று ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாது. வேர்க்கடலை பயறு வகை, ஆனால் அதற்கென்றே தனி அலர்ஜி உண்டு. அவர்களுக்கெனத் தனியாகச் செய்வதானால் பருப்புக்குப் பதில் 100 கிராம் வறுத்த பொட்டுக்கடலை மாவு போடலாம், பயறு வகையே ஆகாதவர்களைத் தவிர. மிக்ஸி ஜார், தட்டு, சல்லடை எல்லாவற்றையும் நன்றாகக் கழுவி, அதை முதலில் சுட்டு எடுத்து மூடி வைத்துவிட்டுப் பிறகு முந்திரியில் கை வையுங்கள்.

அக்கம்பக்கத்தில் ஆர்டர் கேட்கிறார்கள். விற்கலாமா?

விற்கலாம், ஆனால் வீட்டில் செய்து விற்பதற்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். விலை போடும்போது வெண்ணெயும் முந்திரியும் மட்டும் கணக்கில்லை, மின்சாரம், டப்பா, உடைந்துபோகும் நாலைந்து, உங்கள் கைவேலை எல்லாம் சேரும். பேக்கரி பட்டர் பிஸ்கட் விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசுபவர்களிடம் ஒன்றைச் சாப்பிடக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள்.

ஒரேயடியாக இரட்டிப்பு அளவு பிசையலாமா?

பிசையலாம், ஃபிரிட்ஜில் தட்டுக்கு இடம் இருந்தால். இல்லையென்றால் இரண்டு தவணையாகச் செய்வதே மேல். 80 உருண்டையை வெளியே வைத்துக்கொண்டு ஓவன் காலியாவதற்குக் காத்திருந்தால், கடைசி ஈடு போவதற்குள் வெண்ணெய் இளகிவிடும்.